‘காரணம் தருக’ என்று கேட்டுவிட்டு விதியை மட்டும் வாங்கிக்கொள்வது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் அம்மாவின் அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருந்தோம். கிரியை முடிந்து குளிக்கும்போது, தரம் 10 படிக்கும் என் மகள் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிப் பார்த்தாள். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள், ஆனால் சூடு ஒன்றுபோல இல்லை. ஏன் என்று கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு தவணைப் பரீட்சையில், வெந்நீர் ஊற்று சூடாக இருப்பதற்குக் காரணம் தருக என்று வந்ததாம். ‘ஆழம் கூடக்கூடப் பூமியின் வெப்பநிலை கூடும்’ என்று எழுதி முழுப் புள்ளியும் எடுத்தாள். வீட்டுக்கு வந்து கேட்டாள்: “அப்ப எங்கட கிணத்துத் தண்ணி ஏனம்மா குளிருது?”

சரியான கேள்வி. அந்த விதி கன்னியாவுக்கு எப்படியோ அப்படித்தான் எங்கள் ஊர் உப்புவெளிக்கும். கன்னியாவில் மழைநீர் பாறை வெடிப்புகளால் வெகு ஆழம் இறங்கிச் சூடேறி, ஆறுவதற்குள் வேறு வெடிப்புகளால் மேலே வந்துவிடுகிறது, எங்கள் வீட்டுக் கிணறோ மேல்மட்ட நீரைத்தான் தொடுகிறது. இதைச் சொன்னால்தானே காரணம் சொன்னதாகும்?

தத்துவ அறிஞர்களும் இதில் நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஒரு பொதுவிதியையும் அந்த இடத்து நிலைமைகளையும் வைத்து நடந்ததைத் தர்க்கமாக வருவித்தால் அதுவே விளக்கம் என்று ஹெம்பலும் ஓப்பன்ஹைமும் 1948இல் எழுதினார்கள். அதற்கு வந்த மறுப்புகளில் கொடிக்கம்பக் கதை பிரபலம். நிழலின் நீளமும் சூரியனின் கோணமும் தெரிந்தால் கம்பத்தின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம், ஆனால் கம்பம் அவ்வளவு உயரமாக இருப்பதற்கு நிழலா காரணம்? கணக்குச் சரியாக வந்துவிட்டது என்பதால் மட்டும் அது காரணமாகிவிடாது.

என் மனதில் நிற்பது மருத்துவர் செம்மல்வைஸ் செய்ததுதான். 1840களில் வியன்னாவில் ஒரே மருத்துவமனையின் இரண்டு பிரசவப் பிரிவுகளில், முதலாவதில் மட்டும் தாய்மார் கூடுதலாகக் காய்ச்சலில் இறந்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்றால் அது இரண்டு பிரிவுக்கும் பொது அல்லவா? அங்கே இருந்து இங்கே இல்லாதது எது என்று தேடினார். முதலாவது பிரிவில் பிரேதப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவ மாணவர்கள் வந்து பிரசவம் பார்த்தார்கள், மற்றதில் மருத்துவிச்சிகள். 1847இல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார், இறப்பு வெகுவாகக் குறைந்தது. என் பிள்ளை கேட்டதும் அதே மாதிரிக் கேள்விதான், அதற்குத்தான் நம் விடைத்தாளில் இடமே இல்லை.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். ‘காரணம் தருக’ என்று போடும் இடத்தில் ‘இங்கே இப்படி, அங்கே ஏன் அப்படி இல்லை’ என்றும் ஒரு வரி கேளுங்கள், அதற்கும் புள்ளி வையுங்கள்.

ஏழு கிணறும் ஏன் ஏழு விதம் என்பதற்கு, மேல்மட்டக் குளிர்நீர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு கலக்கலாம் என்பது இப்போது அவளுடைய ஊகம். அப்படியென்றால் மாரிமழைக்குப் பிறகு சில கிணறுகளில் சூடு குறைய வேண்டுமே என்கிறாள். வெப்பமானி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மழை தொடங்குவதற்கு முன் ஒருதரம் போய் அளக்கப் போகிறோம்.

ஒரு தாய்,
உப்புவெளி, திருகோணமலை.