கயிறு இழுத்தவரைப் பற்றியும் பேசுங்கள்: சென்னை வரலாற்று நடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். ஒவ்வோர் ஆகஸ்டிலும் சென்னை தினத்தை ஒட்டி நீங்கள் நடத்தும் நடைகளுக்கு முடிந்தபோதெல்லாம் வருகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து வருவதே நீங்கள் சொல்லும் கதைகளுக்காகத்தான். ஆனால் பக்கிங்காம் கால்வாய் வரும்போது மட்டும் எனக்கு ஒரு குறை.

கதை எப்போதும் ஒரே தடத்தில் போகிறது. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் எண்ணூர் வரை வெட்டினார். பிறகு அரசு எடுத்துக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் நீட்டியது. 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர் வெட்டினார்கள், ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்தது. அப்புறம் பறக்கும் ரயில் தூண்கள், சாக்கடை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடக்கிறோம். படகுகள் ஓடின என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். யார் ஓட்டினார்கள் என்பது அந்த வரியிலும் இருக்காது.

கடற்கரைத் தமிழில் படகுத் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். (இன்று சென்னையில் தண்டல் என்றால் வட்டிக்குக் கொடுத்தவர்தான் நினைவுக்கு வருவார்; அது வேறு கதை.) அந்தத் தண்டலின் ஒரு நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காற்று கூடி வந்தால் பாய் விரிக்கலாம். வராவிட்டால் ஆள் கரையில் இறங்க வேண்டியதுதான். கயிற்றைத் தோளில் போட்டு, உடம்பை முன்னால் சாய்த்து நடக்க வேண்டும். படகில் இருப்பவர் மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றி, அதில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே முன்னாலிருந்து பின்னால் நடப்பார். திரும்ப வந்து மறுபடி ஊன்றுவார். கரையிலிருந்து இழுக்கும் கயிறு படகின் மூக்கைக் கரைப்பக்கமே திருப்பும் அல்லவா? அதனால் சுக்கான் பிடித்தவர் நாளெல்லாம் எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தபடியே இருக்க வேண்டும். கண் அசந்தால் படகு கரையில் மோதும்.

தண்ணீர்க் கணக்குதான் இதைவிடப் பெரியது. அது கடல்நீர் ஏறி இறங்கும் கால்வாய். கூவம், அடையாறு, எண்ணூர் முகத்துவாரங்கள் திறந்திருந்தால் ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வரும். மணல் அடைத்துக்கொண்டால் மட்டம் இறங்கி, பாரம் ஏற்றிய படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பலமாக இருக்கும், அஷ்டமியை ஒட்டி மந்தமாக இருக்கும். அஷ்டமி நவமியில் கிளம்பக் கூடாது என்பது நமக்குச் சாஸ்திரம். தண்டலுக்கு அது வயிற்றுப்பாடு. லாக்கு (தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவு வைத்த அடைப்பு) வந்தால், கதவு திறந்து மட்டம் சரியாகும் வரை காத்திருக்க வேண்டும். பழவேற்காடு ஏரிக்குள் நுழைந்தால் இழுக்கக் கரையே இல்லை. காற்றை நம்ப வேண்டும், அல்லது கழியை.

இப்படித்தான் ஸ்ரீஹரிகோட்டா விறகும், உப்பும், சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் இந்த ஊருக்குள் வந்தன. வடக்கே பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். பெத்தகஞ்சாமுக்கு அப்பால் வடக்கே கிருஷ்ணா, கோதாவரி பாசனக் கால்வாய்கள் வழியாகக் காக்கிநாடா வரைக்கும் நீர்வழி தொடர்ந்தது. பேசின் பிரிட்ஜ் பெயரில் உள்ள பேசின், படகுகள் வந்து நின்ற இடம். பக்கத்தில் இருக்கும் சால்ட் கொட்டார்ஸ் என்ற இடத்தின் பெயர், நம்முடைய கொட்டாரம் (கிடங்கு) ஆங்கிலேயர் வாயில் பட்ட பாடு. அந்த வழியாக ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களுக்குத்தான் கூட்டம் வருகிறது.

காக்ரேனையும் பக்கிங்காமையும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். மீதி நேரத்தில், நல்ல கனத்த தாம்புக்கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, வந்தவர்களைத் தோளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேடிக்கையாக இருக்கும், கொஞ்சம் உறைக்கவும் செய்யும்.

இன்னொன்று, இதுதான் அவசரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆட்களை நாம் கேட்க முடியாது. ஆனால் அதே கயிறும் கழியும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் ஓய்ந்துவிடவில்லை. 1960-களின் புயல்கள் கால்வாயைச் சிதைத்த காலத்தில் இருபது வயதில் படகில் இருந்தவருக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். பழவேற்காட்டிலும் மரக்காணத்திலும் கால்வாயோர ஊர்களிலும் போய்க் கேளுங்கள். அவர்கள் தோணியின் பாகங்களுக்கு என்ன பெயர் சொன்னார்கள், கயிறு இழுக்கும்போது என்ன பாடினார்கள், லாக்கில் காத்திருந்த இரவுகளில் என்ன சமைத்தார்கள் என்று பதிவு செய்யுங்கள். ஒலிப்பதிவுக்கு உங்கள் கையிலிருக்கும் போன் போதும்.

இதற்கு ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஞாயிறே கிளம்புவதென்றால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நடைகளில் கடைசி வரிசையில் வரும் ஒருவன்