புது லைன் போட்டுவிட்டு எர்த் பாண்டிங்கைப் பார்க்காமல் போனது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

வணக்கம். குளியலறை வாட்டர் ஹீட்டருக்குப் புது லைன் இழுக்க உங்கள் நிறுவனத்திலிருந்து ஆள் வந்துபோனார். லைன் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சுத்தமாகவே செய்திருக்கிறார். ஆனால் மெயின் போர்டிலிருந்து தண்ணீர்க் குழாய்க்குப் போகும் எர்த் பாண்டிங் ஒயர் (இரும்புக் குழாயை வீட்டு எர்த்தோடு இணைக்கும் ஒயர்) வெறும் 2.5 ஸ்கொயர் எம்எம், அதைக் குழாயோடு பிடித்திருக்கும் கிளாம்ப் துருவேறி, கை வைத்தாலே ஆடுகிறது. கேஸ் குழாய்க்கோ ஒயரே கிடையாது. இரண்டும் மண்ணுக்குள்ளிருந்து வீட்டுக்குள் வரும் இரும்புக் குழாய்கள். வேறொரு வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் காட்டித்தான் இது எனக்குத் தெரிந்தது. நீங்கள் கொடுத்த சோதனை அறிக்கையில் பாண்டிங் சரியாக இருக்கிறது என்று டிக் போட்டிருக்கிறது.

போனில் கேட்டதற்கு, நான் கேட்டது ஒரு லைன் மட்டும்தான் என்றும், பழைய பாண்டிங் உங்கள் வேலையில் வராது என்றும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் பாதுகாப்பு சுவிட்ச்) போட்டிருப்பதால் பயமில்லை என்றும் பதில் சொன்னார்கள். இந்தப் பதிலை என்னால் ஏற்கவே முடியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வருவது நியூட்ரலும் எர்த்தும் ஒரே ஒயரில் வரும் சப்ளை. வெளியே எங்காவது அந்த ஒயர் அறுந்தால், வீட்டில் ஓடும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல், மெயின் போர்டில் எர்த் ஒயர்கள் எல்லாம் சேரும் எர்த் பாருக்கு வந்து, அங்கிருந்து குழாய்கள் வழியாக மண்ணுக்குள் இறங்கப் பார்க்கும். பாண்டிங் ஒயர் தடிமனாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். இப்போது ஹீட்டரின் பாடி இரும்புக் குழாயோடு சேர்ந்திருக்கிறது, அதன் எர்த் ஒயர் மெயின் போர்டுக்குப் போகிறது, கிளாம்ப் ஆடுகிறது. அப்படியென்றால் நீங்கள் இழுத்த அந்த மெல்லிய எர்த் ஒயர்தான் இன்றைக்கு இந்த வீட்டின் பாண்டிங் ஒயர். அவ்வளவு கரண்ட்டையும் அது தாங்குமா, சுவருக்குள் சூடாகிக் கருகுமா என்பதை நீங்களே சொல்லுங்கள். உங்கள் புது லைன் வருவதற்கு முன்னால் இந்த வழியே இல்லை. அப்புறம் எப்படி இது உங்கள் வேலையில் வராமல் போகும்?

ஆர்சிசிபி விஷயத்துக்கு வருகிறேன். அது தனக்குக் கீழே உள்ள லைனில் கசிவு வந்தால் ஃபேஸையும் நியூட்ரலையும் வெட்டும், எர்த் ஒயரை வெட்டாது. வெளியிலிருந்து எர்த் பார் வழியாக வோல்ட்டேஜ் ஏறி வந்தால், ஆர்சிசிபி விழுந்தாலும் ஹீட்டர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் பாடியிலும் அது அப்படியே நிற்கும். கேஸ் குழாயில் மட்டும் அந்த வோல்ட்டேஜ் ஏறாது, அது மண்ணின் வோல்ட்டேஜிலேயே இருக்கும். சமையலறையில் ஒரு கை ஃப்ரிட்ஜிலும் மறு கை அந்தக் குழாயிலும் இருப்பவரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பாண்டிங் இருந்தால் குழாயின் வோல்ட்டேஜும் கூடவே ஏறும், இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்காது.

அளவுக்கும் விதி இருக்கிறது. சர்வதேச மின் தரமான ஐஇசி 60364-5-54 படி பாண்டிங் ஒயர் மெயின் எர்த் ஒயரில் பாதியாவது இருக்க வேண்டும், செம்பு என்றால் 6 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையக் கூடாது, 25-க்கு மேல் தேவையில்லை. எங்கள் மெயின் எர்த் 16. பாதி 8, அடுத்த சைஸ் 10. போட்டிருப்பது 2.5.

பல்பு ஹோல்டரோ சுவிட்சோ மாற்ற வந்தவரிடம் வீட்டு எர்த்தையே புதுப்பித்துக் கொடு என்று யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. குழாய்கள் வெளியிலிருந்தே பிளாஸ்டிக்காக வந்திருந்தால் இந்தப் புகாரே இல்லை. ஆனால் புது லைன் போடுகிறவர் அந்த லைன் எந்த எர்த்தை நம்பி நிற்கிறது என்று வேலை தொடங்கும் முன் பார்க்க வேண்டும், சரியில்லை என்றால் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் ஒயர், கிளாம்ப் செலவையும் அந்த வேலைக்கான கூலியையும் சேர்த்தே கொடுத்திருப்பேன், இப்போதும் அதைக் கொடுக்கத் தயார்தான். நீங்கள் மறுபடி வருவதற்கான கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள், அது என் தலையில் விழ வேண்டியதில்லை.

இரண்டு குழாய்களுக்கும் 10 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டு, புது கிளாம்ப் வைத்து, மீட்டரால் சோதித்து, அளந்த எண்களோடு அறிக்கை கொடுங்கள். பழைய அறிக்கையை ரத்து செய்ததாக எழுத்தில் வேண்டும், ஏனென்றால் நாளைக்கு வேறொருவர் அந்த டிக்கை நம்பி வேலை செய்வார். உங்கள் ஆட்கள் மற்ற வீடுகளிலும் இப்படிப் பார்க்காமல் டிக் போடுகிறார்களா என்று தயவுசெய்து விசாரியுங்கள்.

கிளாம்ப், ஒயர் படங்களையும் அறிக்கையின் நகலையும் இணைத்திருக்கிறேன். நீங்கள் வந்து சரிசெய்யும் வரை ஹீட்டர் லைனை ஆஃப் செய்து வைத்திருக்கிறோம். எப்போது வருவீர்கள் என்று முன்கூட்டியே சொன்னால் மெயின் போர்டுக்கு முன்னால் இருக்கும் அலமாரியை நகர்த்தி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்