கவலைப்பட வேண்டியது ஜேக்கப் கூட் என்ற பையனைப் பற்றி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் மகளுக்கு ஆஸ்திரேலிய எழுத்தாளர் மெலினா மார்க்கெட்டாவின் 'லுக்கிங் ஃபார் அலிபிராண்டி' நாவல் ஆங்கிலப் பாடத்தில் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டித்து ஒரு தந்தை எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் தங்கள் இதழில் படித்தேன். ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் வரும் காதல் கதையைப் பள்ளியே பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று கேட்டு, மாற்று நூல் கோரித் தமிழ்ப் பெற்றோர் ஒன்றுசேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர் முடித்திருந்தார். சிட்னியின் மேற்குப் புறநகர்ப் பள்ளியொன்றில் ஆங்கிலம் கற்பிப்பவள், இந்த நாவலைப் பல வகுப்புகளுக்கு நடத்தியவள் என்ற முறையில் எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

1992இல் வெளியாகி, மறு ஆண்டே ஆஸ்திரேலியக் குழந்தை நூல் மன்றத்தின் விருதைப் பெற்ற இந்த நாவலின் நாயகி ஜோசி என்கிற ஜோசபின் அலிபிராண்டி, பதினேழு வயது, பள்ளி இறுதியாண்டு மாணவி. உதவித்தொகை பெற்று, பணக்காரப் பெண்கள் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்ந்தவள். தாய் கிறிஸ்டினா திருமணம் ஆகாமல் பதின்ம வயதிலேயே அவளைப் பெற்றதால், சிட்னியின் இத்தாலியச் சமூகத்தில் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு ஓய்ந்ததே இல்லை. பார்த்தேயிராத தந்தை மைக்கேல் ஆண்ட்ரெட்டி திடீரென்று அவள் வாழ்வுக்குள் வருகிறார். இவர்களுக்கெல்லாம் மேலே, யார் என்ன சொல்வார்களோ என்று நாள் முழுதும் அஞ்சிக்கொண்டிருக்கும் பாட்டி கட்டியா.

கடிதம் எழுதியவர் கவலைப்படும் ஜேக்கப் கூட், அரசுப் பள்ளி மாணவர் தலைவன், தாயை இழந்தவன், மோட்டார் சைக்கிளில் வருபவன். அவனுக்கும் ஜோசிக்கும் இடையில் நெருக்கம் வளர்கிறது, உண்மைதான். ஆனால் எல்லை மீறக்கூடிய தருணத்தில் தெளிவாக 'வேண்டாம்' என்று சொல்பவள் ஜோசிதான். கதை முடிவதற்குள் அவர்கள் பிரிந்தும் விடுகிறார்கள். தன் தாயின் வாழ்க்கையை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பெண் தானாகவே எடுக்கும் முடிவு அது. எந்தப் பெற்றோரும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்ததில்லை. இதைவிட வேறென்ன எதிர்பார்க்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

நாவலின் உயிர் பாட்டியிடம் இருக்கிறது. சிசிலியிலிருந்து இளம் மணமகளாகக் குவீன்ஸ்லாந்துக்கு வந்து, மொழி தெரியாத ஊரில், கணவர் வேலைக்காக வெளியே போய்விடும் நாட்களில் தனித்துக் கிடந்த கதையை அவர் பேத்தியிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறார். ஜோசி முதலில் கொட்டாவி விடுகிறாள். பிறகு காது கொடுக்கிறாள். ஒரு நாள் பாட்டி சொன்ன காலக் கணக்கையும் தாயின் பிறந்த நாளையும் வைத்துப் பார்க்கும்போது கணக்கு உதைக்கிறது. கிறிஸ்டினா தாத்தாவின் மகள் அல்ல, மார்கஸ் சாண்ட்ஃபோர்ட் என்ற ஆஸ்திரேலியரின் மகள். ஊருக்குப் பயந்து மகளையும் பேத்தியையும் ஆயுள் முழுதும் கடிந்துகொண்ட பாட்டியே அந்த ரகசியத்தைச் சுமந்து வந்திருக்கிறார். இந்தப் பகுதியை நடத்தும்போது வகுப்பில் இருக்கும் தமிழ், லெபனானிய, வியட்நாமியப் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் பாட்டியை நினைத்துக்கொள்வதை அவர்கள் முகமே காட்டிவிடும். குடும்பம் முழுவதும் கொல்லையில் கூடித் தக்காளியைப் பிழிந்து சாஸ் புட்டிகளில் அடைக்கும் நாளைப் பள்ளித் தோழிகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று ஜோசி கூசுவாள். சிட்னியின் வென்ட்வொர்த்வில் பகுதி வீட்டுக் கொல்லையில் மிளகாய் காயப்போட்டிருக்கும் நாளில் சிநேகிதியை வீட்டுக்கு அழைக்கத் தயங்கும் நம் பெண்ணுக்கு அந்தக் கூச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

2022இல் இந்த நாவல் மெல்பர்னிலும் சிட்னியிலும் மேடை ஏறியபோது அதை நாடகமாக்கியவர் வித்யா ராஜன். இத்தாலியக் குடும்பத்தின் கதை வேறு வீடுகளிலும் புரிகிறது என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

எனக்கும் இந்தப் பாடத்தின்மேல் குறை உண்டு; அது வேறு திசையில் இருக்கிறது. ஜோசியின் மனத்தில் முதலில் இருப்பவன் ஜேக்கப் அல்ல, ஜான் பார்ட்டன். நல்ல பள்ளி, மாணவர் தலைவர் பதவி, பேச்சுப் போட்டிகளில் வெற்றி, அரசியல்வாதியான தந்தை என்று எல்லாம் வாய்த்தவன். அந்தத் தந்தையின் எதிர்பார்ப்புக்கும் குடும்பப் பெருமைக்கும் நடுவில் தனக்கென்று ஒரு விருப்பமும் இல்லாமல் போனவன். சட்டம் படிக்க வேண்டும் என்பது வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. இறுதித் தேர்வுக் காலத்தில் அவன் தற்கொலை செய்துகொள்கிறான். அவ்வளவு கெட்டிக்காரன் உள்ளே எப்படி இருந்தான் என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு அவன் ஜோசியிடம் பேசித்தான் இருந்தான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் போனோமே என்ற தவிப்புத்தான் அவளைப் பிற்பாடு வாட்டுகிறது.

சென்ற வாரக் கடிதத்தில் ஜான் பார்ட்டன் பெயரே இல்லை. நான்காம் வகுப்பிலேயே, தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் செலக்டிவ் அரசுப் பள்ளிகளுக்கான தேர்வுக்கு டியூஷன் தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்பில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான ஏடார் தரவரிசை எண்ணின் தசமப் புள்ளிவரை ஒப்பிட்டுப் பேசும் சமூகம் நாம். மோட்டார் சைக்கிளில் வரும் பையன் நமக்கு உறுத்துகிறான். நாம் மருமகனாக விரும்பக்கூடிய பையன் செத்துப்போவது கண்ணிலேயே படவில்லை. பள்ளிகளும் இதில் சளைத்தவை அல்ல. 'அடையாளத் தேடல்' என்ற ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துக் கட்டுரை வாங்கி அடுக்கிவிட்டு, ஜானின் மரணத்தை ஒரே வகுப்பில் கடந்துபோகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே விண்ணப்பம் எழுத நினைக்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். மாற்று நூல் கேட்பதற்கு முன், பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் வேறு சில கேள்விகளைக் கேளுங்கள். ஜானின் மரணம் வரும் அத்தியாயங்கள் எந்த வாரம் நடத்தப்படுகின்றன? அப்படி ஒரு பகுதி வருகிறது என்று மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்படுகிறதா? வீட்டில் அப்படியொரு இழப்பைச் சந்தித்த பிள்ளை வகுப்பில் இருந்தால் என்ன ஏற்பாடு? பள்ளி ஆலோசகர் அந்த வாரம் பள்ளியில் இருப்பாரா? இவற்றுக்குச் சரியான பதில் இல்லாவிட்டால் தாராளமாகக் கண்டித்து எழுதுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.

கூடவே நாவலையும் ஒரு முறை படித்துவிடுங்கள். எளிய ஆங்கிலம்தான், இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம். மகளிடமே இரவல் கேட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை,
வெஸ்ட்மீட், சிட்னி.