மூடிய அக்கீயைக் கத்தியால் பிளக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார சமையல் பகுதியில் ஜமைக்காவின் தேசிய உணவான ‘அக்கீயும் உப்பு மீனும்’ வந்திருந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நமக்கு அயலவராக இருக்கும் ஜமைக்கா மக்களின் காலைச் சாப்பாடு நம் பத்திரிகையில் வந்தது மகிழ்ச்சி. ஆனால் “பழம் மூடியிருந்தால் கத்தியால் பிளந்து சுளையை எடுக்கவும்” என்ற வரி ஆளையே கொல்லக்கூடியது.

அக்கீ 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து ஜமைக்காவுக்கு வந்த மரம். அங்கே வீட்டு வளவுகளில் சாதாரணமாக நிற்கும். காய் முற்றும்போது சிவக்கும். ஆனால் நிறத்தை நம்ப முடியாது. நன்றாகச் சிவந்தும் வாய் திறக்காமல் இருக்கும் பழத்தில் நஞ்சு இருக்கலாம். பழுத்த பழம் மரத்திலேயே மூன்று பிளவாக வெடிக்கும். உள்ளே பளபளக்கும் கறுப்பு விதைகளும், அவற்றைத் தாங்கும் வெண்மஞ்சள் சுளைகளும் தெரியும். அப்படித் தானாக வெடித்ததைத்தான் பறிக்க வேண்டும். மூடிய காயைப் பறித்து வைத்துப் பழுக்கவிடுவதும், கீழே விழுந்து கிடக்கும் மூடிய காயைப் பொறுக்குவதும் கூடாது. வெடித்தபின் நாட்கணக்காக மரத்தில் நின்று நிறம் மாறிய சுளையும் வேண்டாம். ஜமைக்காவில் வளரும் பிள்ளைக்கு வீட்டுப் பெரியவர்கள் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுப்பது இது. உங்கள் குறிப்பில் இல்லாமல் போனதும் இதுதான்.

நஞ்சின் பெயர் ஹைப்போகிளைசின் ஏ. 1950களில் ஜமைக்காவின் பல்கலைக்கழகக் கல்லூரியில்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள். சாப்பிடாத நேரத்தில் உடம்பு கொழுப்பை எரித்துச் சக்தி பெறும். ஈரலும் புதிதாகக் குளுக்கோஸ் செய்து இரத்தத்தில் விடும். இந்த நஞ்சு கொழுப்பு எரிவதைத் தடுக்க, ஈரல் குளுக்கோஸ் செய்வதும் நின்றுபோகும். இரத்தத்தில் சர்க்கரை சடாரென விழும். ஒட்டிய வயிற்றோடு இருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். பீகாரின் முசாபர்பூரில் லிச்சிப் பருவத்தில் பிள்ளைகள் இறந்த செய்திகள் பலருக்கு நினைவிருக்கும். 2014ஆம் ஆண்டுப் பாதிப்பை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, இதே ஹைப்போகிளைசினையும் அதற்கு உறவான இன்னொரு நஞ்சையும் லிச்சியில் காட்டியது. இரவுச் சாப்பாடு இல்லாமல் படுத்த பிள்ளைகளே கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். லிச்சியும் அக்கீயும் பூந்திக்கொட்டைக் குடும்பம்.

அமெரிக்கா 1973இல் அக்கீ இறக்குமதியை நிறுத்தி, 2000இல்தான் ஒப்புதல் பெற்ற தொழிற்சாலைகளின் ரின்னில் (தகரப் பேணியில்) அடைத்த அக்கீக்கு வழி விட்டது. ஆகவே அப்படி ஒப்புதல் பெற்ற தொழிற்சாலையின் ரின்னைக் கடையில் வாங்கிச் சமைப்பவர் பயப்பட வேண்டியதில்லை; வீங்கிய ரின்னை மட்டும் வாங்காதீர்கள். விடுமுறைக்கு ஜமைக்கா போகிறவர்களும், தென் புளோரிடாவில் வளவில் மரம் உள்ளவர்களுமே கவனமாக இருக்க வேண்டும்.

ரின் அல்லாமல், மரத்தில் தானாக வெடித்த புதுப் பழமானால், கறுப்பு விதையை எறியுங்கள். அது எப்போதும் நஞ்சு. சுளையின் மடிப்புக்குள் இளஞ்சிவப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதையும் விரலால் இழுத்து எடுக்க வேண்டும். பிறகு நிறையத் தண்ணீரில் சுளை மெதுவாகும்வரை அவித்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் கொட்டுங்கள். நஞ்சு தண்ணீரில் கரையும் என்பதால் மிச்சமிருப்பது கொஞ்சம் இறங்கும். அவித்தால் காயும் சரியாகிவிடும் என்று இதை வைத்து எண்ணக் கூடாது. மூடிய காயை எவ்வளவு நேரம் அவித்தாலும் நம்ப முடியாது.

இனி மீன். நியூஃபவுண்ட்லாந்து, நோவா ஸ்கோஷியா கடல்களில் பிடித்து உப்பிட்ட கொட் மீனில் தரம் குறைந்ததைக் கரிபியன் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் ரேஷனுக்கு அனுப்பினார்கள். ஜமைக்காவின் தேசிய உணவில் பாதி கனடாக் கடலிலிருந்து போனது இப்படித்தான். 1992இல் நியூஃபவுண்ட்லாந்தில் கொட் மீன்பிடி நிறுத்தப்பட்டது. இன்று ‘சால்ற்ஃபிஷ்’ என்று மலிவாகக் கிடைப்பது பல நேரம் பொலொக் என்ற வேறு மீன், அதிலும் செய்யலாம்.

நான்கு பேருக்கு 540 கிராம் ரின் ஒன்றும் 225 கிராம் உப்பு மீனும் போதும். மீனை இரவு முழுதும் குளிர்ந்த தண்ணீரில், இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி, ஊறவிடுங்கள். காலையில் புதுத் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் அவித்து ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் உப்பு நிற்கத்தான் வேண்டும். அக்கீக்குத் தனிச் சுவை குறைவு. உப்பை முழுக்க வெளியேற்றினால் கறி சப்பென்று போகும். தோல், முள் நீக்கி உதிர்த்து வையுங்கள்.

மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு வெங்காயம், இரண்டு வெங்காயத்தாள், மூன்று நான்கு தைம் காம்பு, விதை நீக்கிய ஸ்கொட்ச் பொனெற் மிளகாயில் கால்வாசி ஆகியவற்றை வதக்குங்கள். பிறகு ஒரு தக்காளி, அதன்பின் மீன். அக்கீ கடைசியில்தான், தண்ணீரை வடித்துவிட்டுப் போட வேண்டும். போட்டபின் அகப்பையால் கிண்டினால் களியாகிவிடும். சட்டியைக் குலுக்கி, மூன்று நான்கு நிமிடம் சூடாக்கி, மிளகுத்தூள் தூவி இறக்குங்கள். புதுப் பழத்தில் ‘பட்டர்’ அக்கீ என்ற வகை சீக்கிரம் கரையும். ‘சீஸ்’ அக்கீ என்ற வகை இறுக்கமாக நிற்கும், ரின்னுக்கும் ஏற்றது. உங்கள் குறிப்பு மஞ்சள் தூள் போடச் சொல்கிறது. தேவையில்லை, அந்த மஞ்சள் சுளையின் சொந்த நிறம். உப்பும் போடாதீர்கள்.

தொட்டுக்கொள்ள அவித்த பச்சை வாழைக்காய், பொரித்த மாவுருண்டை, மரவள்ளி ரொட்டியான பாமி, சுட்ட ஈரப்பலா. ஈரப்பலாக் கன்றுகளை 1793இல் தாகித்தியிலிருந்து ஜமைக்காவுக்குக் கொண்டுவந்த கப்டன் வில்லியம் பிளையின் பெயரே அக்கீயின் தாவரவியல் பெயரிலும் இருக்கிறது.

அக்கீ சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் கடும் வாந்தி வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வாந்தி நின்று ஆள் தெளிந்ததுபோல் தோன்றி, பிறகு மயக்கமும் வலிப்பும் வந்ததுண்டு. உடனே மருத்துவமனைக்குப் போய், அக்கீ சாப்பிட்டதை முதலிலேயே சொல்லுங்கள். இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

திருத்தத்தை அடுத்த இதழில் அதே சமையல் பகுதியில், செய்முறை வந்த அதே அளவு எழுத்தில் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். குறிப்பை வெட்டி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தவர்கள் ஆசிரியர் கடிதப் பக்கத்தைப் புரட்டுவார்கள் என்று சொல்ல முடியாது.

இப்படிக்கு,
வாசகர், ரொறன்ரோ