ஹில்கிரெஸ்டில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகன்,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. மலை தெரிகிறது, வீடு தெரிகிறது, உன்னைக் காணவில்லை. சாப்பிடுகிறாயா?

உன் ஊரைப் பற்றி அக்கா தேடித் தந்ததை எல்லாம் வாசித்தேன். 1914 ஜூன் 19 காலை நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 189 பேர் செத்திருக்கிறார்கள். கனடாவில் இதைவிடப் பெரிய சுரங்க விபத்து இல்லையாம். ஏறக்குறைய 400 பிள்ளைகள் தகப்பன் இல்லாமல் நின்றிருக்கிறார்கள். உள்ளே போகிறவர்களுக்கு எண் அடித்த பித்தளைத் தகடு கொடுப்பார்களாம், யார் திரும்பவில்லை என்று பார்க்க. அந்தத் தகடுதான் எனக்கு மனதை விட்டுப் போகுதில்லை. மாமாவின் பெயரை நாங்கள் எத்தனை பட்டியலில் தேடினோம் என்று உனக்குத் தெரியும்.

சரி, அது பழைய கதை. ஆனால் நீ பிளெயர்மோருக்குப் படிப்பிக்கப் போகும் மூன்றாம் நெடுஞ்சாலை, 1903இல் டர்டில் மலை சரிந்து ஃபிராங்க் ஊரின் ஒரு பக்கத்தை மூடிய பாறைகளுக்கு நடுவால்தானே போகிறது? அந்த மலையை இன்றைக்கும் கருவி வைத்துப் பார்க்கிறார்களாம். பனி நேரம் மெதுவாக ஓடு. காரில் ஒரு போர்வையும் தண்ணீரும் வை. காற்று பலமென்றால் வெளிக்கிடாதே.

அந்த மலை சரிந்த அன்றைக்கு ஃபிராங்க் சுரங்கத்துக்குள் அகப்பட்ட 17 பேர், வாசல் மூடுண்ட பிறகு நிலக்கரிப் படையைத் தோண்டித் தோண்டி உயிரோடு வெளியே வந்தார்களாம். அப்பாவுக்கு அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கோயிலில் ஆர் கேட்டாலும் “மகன் ரொக்கி மலைப் பக்கம் கணக்கு மாஸ்டர்” என்று அவர்தான் முந்திக்கொண்டு சொல்வார். எனக்கும் பெருமைதான். ஆனால் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததற்கு மட்டும் என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. பள்ளிக்கூடம் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பிள்ளையும் வந்திருந்தாள். மெலிந்துபோனாள். உன்னைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

உன்னிடமும் ஒன்றும் கேட்க மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. போர்வையை மறக்காதே.

இங்கே உங்களைவிட இரண்டு மணித்தியாலம் முந்தி என்று யோசித்து போன் எடுக்காமல் விடாதே. நாங்கள் படுத்தாலும் பரவாயில்லை, எழும்பிக் கதைப்போம்.

அன்புடன்,
அம்மா