சராசரிக்கு இலக்கு வைக்காதீர்கள்: தரவு ஆளுகைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனத்தின் தரவு எவ்வளவு சரியாக இருக்க வேண்டும் என்று விதி வகுக்கும் தரவு ஆளுகைக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எல்லா டேபிளுக்கும் ஒரே தர இலக்கு சரிப்படாது என்று தங்கம், வெள்ளி, வெண்கலம் என அடுக்கு பிரித்தீர்கள். நல்ல காரியம். பில் போடப் பயன்படும் டேபிளையும், யாரோ எப்போதோ சோதனைக்கு உருவாக்கி மறந்துபோன டேபிளையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாதுதான். என் சண்டை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. டேபிளின் தர மதிப்பெண்ணை அதன் அடுக்குக்குரிய இலக்கோடு ஒப்பிட்டு டேஷ்போர்டில் பச்சையோ சிவப்போ காட்டுகிறீர்களே, அந்த ஒப்பீட்டில்.

தங்க அடுக்கின் இலக்கு 95 என்று வைத்துக்கொள்வோம். ஒரு டேபிள் மீது பத்துச் சோதனைகள் ஓடுகின்றன. ஒன்பதில் நூற்றுக்கு நூறு. பத்தாவது, வாடிக்கையாளர் எண் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது. அதில் பாதி வரிகள் தேறவில்லை. சராசரி போட்டால் சரியாக 95 வருகிறது. பச்சை! பாதி வரிகள் எந்த வாடிக்கையாளருடையவை என்றே தெரியாத டேபிளுக்குத் தங்கப் பட்டம். இதே டேபிளை இன்னொரு குழு, பத்தில் எத்தனை சோதனைகள் முழுதாகத் தேறின என்று எண்ணினால் 90 வரும், சிவப்பாகிவிடும். மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறையை எழுதாமல் இலக்கை மட்டும் எழுதி வைத்தால் இந்தக் கூத்துதான் நடக்கும். சோதனைகளுக்கு வெயிட்டேஜ் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பார்கள். கொஞ்சம் தீரும். ஆனால் வெயிட்டேஜ் போட்டாலும் அது சராசரிதான். ஒரு சோதனையின் தோல்வியை மற்றவை ஈடுகட்டும் வழி அடைபடுவதில்லை.

முழுமை, தனித்தன்மை, காலத்தில் வந்து சேர்தல், செல்லுபடியாகும் தன்மை, துல்லியம், முரணின்மை எனத் தரவுத் தரத்துக்கு ஆறு பரிமாணங்களை, தரவு மேலாண்மை வல்லுநர்களின் பிரிட்டன் அமைப்பான டாமா யூகே 2013-இல் வரையறுத்தது. அடுக்கு ஒவ்வொன்றிலும் இந்த ஆறுக்கும் தனித்தனி இலக்கு வையுங்கள். எதில் நிலைமை மோசமோ அதுதான் டேபிளின் நிறம். ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் எண் போன்ற முக்கிய நெடுவரிசைகளுக்குச் சதவீதப் பேச்சே வேண்டாம், காலி இருந்தால் சிவப்பு. ஆறும் எல்லா டேபிளுக்கும் பொருந்தாது, தெரியும். பொருந்தாததை விட்டுவிடலாம், விட்டதை எழுதி வைத்தால் போதும்.

சதவீதம் டேபிளின் அளவைப் பொறுத்து வேறு வேறு பொருள் தரும் என்பதையும் கவனியுங்கள். இருநூறு வரி உள்ள டேபிளில் ஒரே ஒரு வரி கெட்டால் 99.5 ஆகிவிடும். அங்கே 99.9 என்ற இலக்கு நூறு என்பதற்கு இன்னொரு பெயர். ஒரு கோடி வரி உள்ள டேபிளிலோ பத்தாயிரம் வரி கெட்டாலும் அதே 99.9 தேறிவிடும்.

அப்புறம், அளக்காதது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. எக்ஸெலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான் கொள்ளும், மிஞ்சியவை விடுபட்டன. உள்ளே வந்த வரிகளை எவ்வளவு நுணுக்கமாகச் சோதித்திருந்தாலும் வராத வரிகள் அகப்பட்டிருக்காது. அனுப்பிய இடத்தில் எத்தனை வரிகள், வந்து சேர்ந்த இடத்தில் எத்தனை என்று ஒப்பிடும் சோதனை இல்லாத டேபிளுக்குத் தங்க அடுக்கில் இடம் கொடுக்காதீர்கள். இன்றைக்குச் சோதனையே ஓடவில்லை என்றால் நேற்றைய மதிப்பெண்ணைக் காட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். சாம்பல் நிறம் காட்டுங்கள், இலக்குக் கணக்கில் அதைத் தோல்வியாகவே எண்ணுங்கள். இதற்கு எதிர்ப்பு வரும். வரட்டும்.

டேபிளை யார் உருவாக்கினார்கள் என்று பார்த்து அடுக்கு நிர்ணயிப்பதும் தப்பு. யார் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். தங்க அறிக்கை ஒன்று வெண்கல டேபிளிலிருந்து தரவு எடுத்தால், அந்த டேபிளும் தங்க அடுக்குக்கு ஏற வேண்டும், இல்லையென்றால் அறிக்கை கீழே இறங்க வேண்டும். தலா 99 சதவீதம் சரியான மூன்று டேபிள்களை இணைத்தால், தவறுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் விழும்போது, மூன்றிலும் சரியாக இருக்கும் வரிகள் ஏறத்தாழ 97 சதவீதம்தான். மூன்று டேபிளும் இலக்கைத் தொட்டும் அறிக்கை தொடாமல் போவது இப்படித்தான்.

தோல்வி வந்தால் யார் பார்ப்பது, எவ்வளவு நேரத்துக்குள் என்பதும் அடுக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்த காலாண்டு ஆய்வுக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு தங்க டேபிளுக்கும் சராசரியை எடுத்துவிட்டு, மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய சோதனை எது, எத்தனை சோதனைகள் ஓடின, போன காலாண்டுக்குப் பின் எவை நீக்கப்பட்டன என்று மூன்றை மட்டும் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவதைக் கட்டாயம் கேளுங்கள். மதிப்பெண்ணை உயர்த்த மிகச் சுலபமான வழி, தோற்கும் சோதனையை நீக்கிவிடுவது.

இப்படிக்கு,
தரவுப் பொறியாளர் ஒருவர்