சுரண்டிவிட்டுத் தார் போடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய மாநகராட்சி அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கதவில் போன வாரம் உங்கள் ஊழியர் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸைப் படித்தோம். ‘சிதிலமடைந்த கட்டடம்’ என்று இருந்தது. எதனால் என்று இல்லை. அதை நான் எழுதுகிறேன்.

1717 முதல் 1720 வரை மெட்ராஸில் ஆங்கிலேயக் கம்பெனியின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர் இது. எங்கள் வீடு அவ்வளவு பழையதில்லை. ஆனாலும் திண்ணை, ரேழி, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்கட்டு எல்லாம் உண்டு. கூடத்துக்கு மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின்மேல் சன்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்தது. ஒரு கம்பி கிடையாது. இன்றும் சொட்டு ஒழுகாது.

தண்ணீர் வருவது கீழிருந்து. முன்பு மூன்று படி ஏறித்தான் திண்ணைக்கு வர வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே கொட்டிக் கொட்டி, இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கி வருகிறோம். அதுகூடப் பரவாயில்லை. முற்றத்து மழைநீர் தெருவுக்குப் போகத் திண்ணைக்கு அடியில் தூம்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அது இப்போது தெருத்தண்ணீரைச் சாக்கடையோடு சேர்த்து முற்றத்துக்குக் கொண்டுவருகிறது. ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளில் அம்மா தூம்பு வாயில் பழைய சேலையைத் திணித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அடைத்தால் முற்றத்து மழை வெளியே போகாது, திறந்தால் சாக்கடை உள்ளே வரும். எதைச் செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். காயவே விடாவிட்டால் அடிச்சுவர் உதிரத்தான் செய்யும். சிமெண்ட் பூசச் சொன்னார் உங்கள் ஊழியர். பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு இன்னும் மேலே ஏறும். இதெல்லாம் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாதா என்ன?

கேட்பது ஒன்றுதான்: சுரண்டிவிட்டுத் தார் போடுங்கள். 2021-லேயே தலைமைச் செயலாளர் சொன்னதுதான் இது. புது உத்தரவு எதுவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 22 வந்தால் சென்னை தினம் என்று திண்ணை வீடுகளைப் படம் எடுத்துக் கண்காட்சி வைக்கிறார்கள். சந்தோஷம். வடசென்னைக்கு மட்டும் அனல்மின் சாம்பலும் கன்டெய்னர் லாரியும், அப்புறம் இடிக்கச் சொல்லி நோட்டீஸும். படம் எடுக்கவாவது வீடு மிஞ்ச வேண்டாமா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் எங்கள் தெருவில் மறுபடி தார் போடப் போகிறார்களாம். அதற்குமுன் பழையதைச் சுரண்டி, தெருவைத் தூம்புக்குக் கீழே இறக்கித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை நோட்டீஸை நிறுத்திவையுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரை அனுப்பிச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா எப்போதும் வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
காலடிப்பேட்டைவாசி ஒருவன்